அட்டை என்னுதுதான்

என் கையெழுத்துக்கு இந்த வாரமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகை ஆபீசில் என் காகிதங்களைப் படித்து டைப் அடிக்கும் தம்பி போன வாரம் போன் செய்தார். "சார், இது கப்பலா, கம்பளமா?" என்று கேட்டார். கப்பல்தான். நான் ஐந்தாவது வரை படித்தவன். சின்ன 'ர' எங்கே வரும், பெரிய 'ற' எங்கே வரும் என்பது எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. முடிந்தவரை அவர் திருத்திவிடுகிறார். திருத்தியும் மிஞ்சிய பிழை எல்லாம் என்னுடையது.

இத்தனை வாரமாகக் கப்பலில் வந்து இறங்கியது, சித்தாள் வேலை பார்த்தது, கல்யாணம் முடித்தது என்று எழுதிக்கொண்டே வந்தேன். கோர்ட் விஷயத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். போன மாதம் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டியும் போட்ட ஒரு பெண். கீழே ஒரு வரி: "அந்த ஒரு பக்கம் எங்க அண்ணாச்சி?"

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

கட்டு மேல் உட்கார்ந்த பிள்ளை

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு மே மாதக் கடைசி. போர்ட் பிளேரில் மழை பிடித்துவிட்டது. டெலானிபூர் மேட்டுக்குக் கீழே, ஓடைக்கரையில் என் தகரக் கொட்டகை. கூரையில் விழும் மழைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

குடையை மடக்கியபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட். பேன்ட் முழங்கால் வரைக்கும் சேறு. தோளில் மாட்டியிருந்த பையை மட்டும் நனையாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கொட்டகையில் நாற்காலி கிடையாது. கட்டி அடுக்கியிருந்த ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து, நோட்டை எடுத்தாள்.

"அண்ணாச்சி, எம்பேரு இசக்கியம்மாள். மோண்டல் மேடத்துக்கிட்ட இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கேன். லா காலேஜ், மூணாம் வருசம். ஒங்க கேஸ் விசயமா ஒங்கள்ட்ட பேசிட்டு வரச் சொன்னாவ."

மோண்டல் மேடம் எனக்காக வாதாடும் வக்கீல். பெங்காலிக்காரர். இலவச சட்ட உதவியில் எனக்குக் கிடைத்தவர். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு வக்கீல், அதிகாரி முன்னால் வாயே திறக்காது. அதனால் நாங்கள் இருவரும் அதுவரை பேசிக்கொண்டதெல்லாம் ஒரு சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதி முடிக்கக் கூடிய அளவுதான்.

தமிழ் கேட்டதும் எனக்கு அழுகை மாதிரி வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"வக்கீல்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது, அண்ணாச்சி. உள்ளதச் சொன்னாத்தான் ஒதவ முடியும்" என்றாள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தது மாதிரி இருந்தது. "அட்டை ஒங்களுதா?"

"ஆமா பாப்பா. என்னுதுதான்."

பேனா நின்றது. "முழுசுமா?"

"பத்து கட்டும் என்னுதுதான். செல்வத்துக்கு வண்டி மட்டுந்தான்."

எழுதிக்கொண்டாள். முகம் இருண்டுவிட்டது. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

"இப்ப மிச்சம் ஏதும் இருக்கா? எங்க வச்சிருக்கீங்க?" குரலை இறக்கித்தான் கேட்டாள்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது.

"நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க" என்றேன்.

பாம்பு மேல் உட்கார்ந்தவள் மாதிரி அந்தப் பிள்ளை துள்ளி எழுந்தாள்.

அவள் எழுந்து நிற்கட்டும். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

காய்கிற சரக்கு

சித்தாள் வேலைக்கு முதுகு ஒத்துவராமல் போன பிறகு நான் பிடித்த தொழில், பழைய அட்டை எடுப்பது. இந்தத் தீவுக்குச் சோப்பிலிருந்து பிஸ்கட் வரை எல்லாமே அட்டைப்பெட்டியில்தான் கப்பலேறி வருகிறது. சரக்கு கடைக்குப் போய்விடும். பெட்டி என்னிடம் வரும். பிரித்து, தட்டையாக்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, திரும்ப மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றி விடுவேன்.

எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம். தீப்பெட்டி, நோட்டு எல்லாம் செய்கிற ஊர்கள் சுற்றிலும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்த ஒரே வேலை புத்தகத்துக்கு அட்டை போடுவது. அதில் நான்தான் வகுப்பில் முதல். டீச்சர் தன் நோட்டுகளையும் என்னிடமே கொடுப்பார். ஆறாவதுக்குப் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று என் மனைவி பாண்டியம்மா சொல்வாள்.

இந்த ஊர் மழையில் அட்டை சீக்கிரம் ஊறிவிடும். ஊறினால் ஒரு நாற்றம் வரும்; ஈர நாய் வாடை. வெயில் அடித்தால் ஓடி ஓடி மேட்டில் விரித்துக் காயவைப்பேன். காய்ந்த அட்டையை விரலால் சுண்டினால் டக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் கட்டிவிடுவேன். அடுத்த மழைக்கு முன்னால் வண்டி வந்து ஏற்ற வேண்டும்.

வண்டி செல்வத்துடையது. லோடு ஆட்டோ. செல்வத்துக்கு எழுதிச் செய்தி அனுப்பலாம்தான். ஆனால் என் எழுத்துப் பிழையைப் பார்த்து அவன் ஸ்டாண்டில் எல்லாருக்கும் காட்டிச் சிரித்தான் ஒரு தடவை. அதிலிருந்து வாய்ஸ் மெசேஜ்தான்.

ஒரு நாள் இப்படிப் பேசி அனுப்பினேன்: "செல்வம், அட்டை நல்லா காஞ்சிருச்சு. பத்து கட்டு கட்டி வச்சிருக்கேன். மழைக்கு முன்ன வந்து எடுத்துரு, கப்பலுக்கு ஏத்திரலாம்."

இவ்வளவுதான் நான் செய்த காரியம்.

ஹாங் சாப்

அதற்கு ரெண்டு நாள் கழித்து, வண்டூர் போகிற ரோட்டில் செல்வத்தின் ஆட்டோவை நிறுத்திச் சோதனை போட்டார்கள். உள்ளே சாக்குகள். சாக்குக்குள் காய்ந்த கடல் அட்டை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது கடலடியில் கிடக்கும் ஒரு பிராணி. வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் பெரிய குற்றம். வருடக்கணக்கில் சிறை. செல்வத்தின் வழக்கு இன்னும் நடக்கிறது. அதைப் பற்றி எழுதக் கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறார்; எழுதவில்லை.

அவன் போனைப் பார்த்தபோது என் வாய்ஸ் மெசேஜ் இருந்தது. தமிழும் ஹிந்தியும் தெரிந்த ஒருவரை வரவழைத்து மொழிபெயர்த்து எழுதிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் என் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள்.

விசாரித்த அதிகாரி மோசமானவர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "யே அட்டை துமாரா ஹை?"

இந்த அட்டை உன்னுடையதா? அட்டை என்ற சொல் மட்டும் தமிழ். மொழிபெயர்த்தவர் வாயிலிருந்து அவர் பிடித்துக்கொண்ட சொல். அடடா, நம் சொல்லைச் சொல்லிக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஹாங் சாப், மேரா ஹீ ஹை" என்றேன். ஆமாம் ஐயா, என்னுடையதுதான்.

"காய வைத்தது நீதானா?"

"ஹாங் சாப்."

"கப்பலில் ஏற்றுவாயா?"

"ஹாங் சாப்." ஒவ்வொரு மாதமும் ஏற்றுகிறேனே.

அவருக்கு ஆச்சரியம். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறவனை அவர் பார்த்திருக்க மாட்டார். ஹிந்தியில் எழுதிய காகிதத்தை நீட்டினார். எனக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. தமிழில் மாரிச்சாமி என்று கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குக் கையெழுத்து நன்றாக விழுந்தது.

கொட்டகையைத் தேடினார்கள். அட்டைப்பெட்டிகள் மட்டும் இருந்தன. 'சரக்கை ஏற்கெனவே அனுப்பிவிட்டான். பேக்கிங் சாமான் மட்டும் மீதி' என்று எழுதிக்கொண்டார்கள்.

பதினெட்டு நாள் உள்ளே இருந்தேன். முதல் நாலு நாள் எனக்கு வழக்கு என்னவென்றே சரியாக விளங்கவில்லை. 'சமுத்ரி கீரா' என்றார்கள். கீரா என்றால் ஹிந்தியில் வெள்ளரிக்காய். செல்வம் எவன் தோட்டத்திலோ வெள்ளரிக்காய் திருடிவிட்டான், அதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்தேன். பக்கத்தில் படுத்திருந்தவர்தான் அது கடல் பிராணி என்று சொன்னார். அப்போதும், செல்வம் மாட்டியதால் அவனுக்குத் தெரிந்த என்னையும் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் எண்ணினேன். என் சொல்லே என்னைப் பிடித்துக் கொடுத்தது என்று தோன்றவில்லை. அந்த வாய்ஸ் மெசேஜை யாரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. எல்லாம் ஹிந்திக் காகிதம்.

ஜாமீன் கிடைத்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளிடம் பேசக் கூடாது. கடைக்காரர்கள் எனக்குப் பெட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கொட்டகையில் பழைய கட்டுகள் மட்டும் கிடந்தன. மார்க்கெட்டில் எனக்கு 'கீரா சேட்' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளரிக்காய் முதலாளி. பாண்டியம்மாவிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வந்து என்னிடம் சொல்லவில்லை. அன்று குழம்பில் உப்பு போட மறந்துவிட்டாள்.

எழுத்துப் பிழைக்கு ஜெயில் இல்லை

இப்போது கொட்டகைக்குத் திரும்புகிறேன்.

துள்ளி எழுந்த இசக்கி, தான் உட்கார்ந்திருந்த கட்டைப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். கயிற்றை நெகிழ்த்தி உள்ளே கைவிட்டாள். பிஸ்கட் கம்பெனி பெட்டி, எண்ணெய் டின் பெட்டி, நாப்தலின் வாசம். வேறு ஒன்றும் இல்லை.

"எங்க அண்ணாச்சி அட்டை?"

"இதுதான் பாப்பா அட்டை."

"இது அட்டைப்பெட்டில்லா?"

"பெட்டியப் பிரிச்சா அட்டைதான?"

அந்தப் பிள்ளை பையிலிருந்து போனை எடுத்து என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினாள். மேடம் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கிய நகல். மழைச் சத்தத்தில் கேட்காமல், இருவரும் போனுக்கு நடுவில் தலையைக் கொண்டுபோனோம். 'அட்டை நல்லா காஞ்சிருச்சு.' அவள் உதட்டைக் கடித்தாள்.

"நேத்து ராத்திரி இத ஏழு தடவ கேட்டேன். தூத்துக்குடிப் பக்கம் அடிக்கடி பிடிபடும்லா, பேப்பர்ல வாசிச்சிருக்கேன். ஆள் குத்தவாளிதான், நம்ம தண்டனையக் கொறைக்கத்தான் பாக்கணும்னு நெனச்சிட்டுத்தான் வந்தேன். என்னய மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"பரவால்ல பாப்பா. மழ விடட்டும், டீ சொல்றேன்."

"டீய விடுங்க. இப்ப எழுதினத என்ன செய்ய?" என்று நோட்டைப் பார்த்தாள். 'அட்டை தன்னுடையது என்று கட்சிக்காரர் ஒப்புக்கொள்கிறார்' என்று எழுதியிருந்தாளாம். இரண்டாவது தடவையாக நான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன்.

மேடத்துக்குப் போன் போட்டாள். இசக்கிக்கு ஹிந்தி அரைகுறை.

"மேடம், அட்டை இஸ் நாட் அட்டை!"

"ஆட்டா?" என்று கேட்டது போன். கோதுமை மாவு.

"ஆட்டா நஹி மேடம்! அட்டை! அது வந்து..." என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, ஹிந்தியில என்ன சொல்லுவீங்க?"

"கத்தா" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"கத்தா, மேடம்! கார்ட்டன்! சாப்பிடுறதுல்ல, கடல்ல உள்ளதுல்ல, கார்ட்டன்!"

பிறகு மேடம் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சிரிப்பு நின்று, வேகமாக என்னவோ சொன்னார். இசக்கி முகம் மறுபடி சுருங்கியது.

அதன் சாராம்சம் இது. பிடிபட்ட ஒருவன் அட்டை என்றால் வேறு என்று இப்போது சொன்னால், தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்பார்கள். மொழிபெயர்த்தவரே சொன்னால்தான் நிற்கும். அவரிடம் போய்க் கேட்கலாம், சொல்லிக்கொடுக்கக் கூடாது. மாரிச்சாமி அந்தப் பக்கமே போகக் கூடாது.

கிளம்பும்போது இசக்கி கோடு போட்ட தாள்கள் நாலைக் கொடுத்தாள்.

"நடந்ததை ஒங்க வார்த்தையிலயே ஒரு பக்கம் எழுதித் தாங்க அண்ணாச்சி. பைல்ல வைக்கணும். நான் எழுதினா அது என் வார்த்தையா ஆயிரும். வார்த்தையாலதான இவ்வளவும்."

"எனக்கு எழுத்து வராது பாப்பா. பிழையாருக்கும்."

"எழுத்துப் பிழைக்கு ஜெயில் கெடையாது அண்ணாச்சி" என்றாள்.

நான் சிரித்தேன். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. கடைசியில் நான் சொல்லச் சொல்ல அவளே தன் நோட்டில் எழுதினாள்.

படகுத்துறையில்

மொழிபெயர்த்தவர் பெயர் காகிதத்தில் இருந்தது. சூசை. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தீவுகளுக்குப் போகும் படகில் கயிறு கட்டும் லஸ்கர் வேலை. பின்னால் நடந்ததை இசக்கி ஒரு விதமாகவும் சூசை ஒரு விதமாகவும் என்னிடம் சொன்னார்கள். ரெண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

படகு வர ஒரு மணி நேரம் இருந்ததாம். இசக்கி சும்மா இருக்காமல், ஜெட்டியில் தமிழ் பேசுகிற ஆட்களை எல்லாம் பிடித்து, "அட்டைன்னா ஒங்களுக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறாள். டிக்கெட் வரிசையில் நின்ற மதுரைக்காரர், "ரேசன் அட்டைதான், தொலஞ்சு போச்சா?" என்றாராம். பஜ்ஜி போடுகிற அம்மாவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தது. "ஐயோ, எங்க?" என்று சேலையைத் தூக்கிக்கொண்டு காலைப் பார்த்தாராம். அவருக்கு அட்டை என்றால் இரத்தம் குடிக்கிற அட்டை. ஒவ்வொருவரும் அவரவர் ஊரை வாய்க்குள்ளே வைத்துக்கொண்டுதான் இந்தத் தீவில் இருக்கிறோம்.

படகு வந்தது. சூசை கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். ஐம்பது தாண்டியவர். இராமநாதபுரத்துக் கடற்கரைக் குடும்பம்.

"ஐயா, அட்டைன்னா என்னது?"

"எந்த ஊருப் புள்ள நீ? அட்டை தெரியாதா? கடலுக்குள்ள மணல்ல கெடக்கும். எங்கய்யா முங்கி எடுப்பாரு, அந்தக் காலத்துல அதுக்கெல்லாம் தடை இல்ல. அவிச்சு, காய வச்சு..."

"காய வச்சு?"

"சாக்குல போட்டு ஏத்துவாங்க."

"கட்டாக் கட்ட மாட்டாங்களா?"

"அதென்ன வெறகா, கட்டா கட்டுறதுக்கு?" என்று சிரித்தவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாராம். அவளுடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். "நீ வக்கீல் ஆபீஸ் புள்ளையா?"

"ஆமா ஐயா."

"அந்த வாய்ஸப் போடு."

படகு எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். 'பத்து கட்டு கட்டி வச்சிருக்கேன்' என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாராம்.

"காஞ்சிருச்சுன்ன ஒடனே எனக்கு எங்க ஊர்க் கரை வாடை மூக்குல வந்திருச்சு, புள்ள. அதுக்குப் பெறகு அவன் என்ன சொன்னான்னு நான் கேக்கவே இல்ல. பத்து சாக்குன்னு நானாச் சொல்லிட்டேன். எந்த ஊருக்காரன் அவன்?"

"சாத்தூரு."

"தண்ணியே இல்லாத ஊரு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

அப்புறம் அவருக்குப் பயம் வந்தது. "இப்ப மாத்திச் சொன்னா என்னயப் பிடிப்பாங்களா? வேலைக்கு ஏதும் வருமா?"

இசக்கிக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரிந்த மாதிரி அவள் பேசவில்லை. "எனக்குத் தெரியாது ஐயா. கேட்டுட்டு வாரேன்" என்றாள். மேடத்திடம் கேட்டுவிட்டு மறுநாள் திரும்பவும் ஜெட்டிக்குப் போனாள். சரியென்று நம்பிச் செய்த தவறுக்குத் தண்டனை வராது என்பது மேடத்தின் அபிப்பிராயம். ஆனால் உறுதி கொடுக்க அவரால் முடியாது. அப்படியே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்று சூசை சொன்னார்.

அது வியாழன். நான் அந்த மூன்று நாளில் கொட்டகையில் இருந்த கட்டுகளை எல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் இசக்கி போன் செய்தாள். "வாரேன்ட்டாரு அண்ணாச்சி."

கீழேயும் அட்டை, மேலேயும் அட்டை

என் பெயரை வழக்கில் வைப்பதா, எடுப்பதா என்று கேட்டு முடிக்கிற நாள் அது. காலையில் பாண்டியம்மா சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

"வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக? இன்னைக்கும் தலையாட்டிட்டு வந்தீகன்னா நான் கதவத் தெறக்க மாட்டேன்."

"சரி."

"இந்தா, இப்பமே தலையத்தான் ஆட்டுறீக!"

சூசை டியூட்டி உடையிலேயே வந்திருந்தார். நான் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. கூண்டில் ஏறி, எங்கள் கடற்கரையில் அட்டை என்றால் கடல் அட்டை, கேட்டவுடன் அதைத்தான் நினைத்தேன், கட்டு என்ற சொல்லைச் சாக்கு என்று சொன்னது என் தவறு, என்று ஹிந்தியில் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "நீங்கள் நினைத்தது இருக்கட்டும். இவர் எதை நினைத்துச் சொன்னார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

சூசை, "எனக்குத் தெரியாது சாப்" என்றார். உண்மைதான். என் மனதில் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஜட்ஜ் என்னைப் பார்த்தார். "தும் போலோ. அட்டை க்யா ஹோத்தா ஹை?" நீ சொல், அட்டை என்றால் என்ன?

எனக்கு ஹிந்தி, தமிழ் இரண்டும் போய்விட்டன. இசக்கி பின்சுவரோரமாக நின்றிருந்தாள். மாணவிக்குக் கோர்ட்டில் பேச உரிமை இல்லை. கையில் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் வாய் அசையவே இல்லை. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று மேடம் சொன்னதை அந்த நேரத்திலும் காப்பாற்றினாள்.

ஹாங் சாப் என்று தலையாட்டத்தான் என் கழுத்துக்குத் தெரியும். ஆட்டப் போனேன்.

அப்போது கிளார்க் மேஜை மேல் என் கண் போனது. என் வழக்குக் கட்டு. காகிதங்கள் நடுவில், கீழே ஒரு தடித்த பழுப்பு அட்டை, மேலே ஒரு அட்டை, குறுக்கே சிவப்பு நாடா. நல்ல அட்டை. எத்தனையோ வருடமாக எடுக்கிறவன், பார்த்தாலே தெரியும்.

மேஜையை நோக்கி நடந்தேன். போலீஸ்காரர் ஓரடி முன்னால் வந்தார். ஜட்ஜ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

நான் அந்தக் கட்டின் மேல் விரலை வைத்தேன். சுண்டினேன். டக்.

"சாப், யே அட்டை ஹை" என்றேன். "நீச்சே பீ அட்டை, ஊப்பர் பீ அட்டை." கீழேயும் அட்டை, மேலேயும் அட்டை.

ஜட்ஜ் கட்டைத் தூக்கிக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தார். "கத்தா?"

"ஜீ சாப். ஹிந்தி மே கத்தா. மேரே காவ் மே அட்டை." ஹிந்தியில் கத்தா, என் ஊரில் அட்டை. பிறகு எங்கிருந்து வந்ததோ, இன்னும் ஒரு வரி வந்தது. "மேரா நாம் இஸ்கே அந்தர் ஹை, சாப்." என் பெயர் இதற்குள்தான் இருக்கிறது.

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. குனிந்து எழுதினார். நெடுநேரம் எழுதினார்.

வெளியே வராந்தாவில் சூசை நின்றிருந்தார். வழக்கு முடியாமல் அவரோடு நான் பேசக் கூடாது. அவருக்கும் தெரியும். என் பக்கம் பார்த்து, விரலால் தூணைச் சுண்டிக் காட்டிவிட்டு, படகுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை

உத்தரவு வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் இசக்கியின் விடுமுறை முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று மேடம் போன் செய்தபோது நான் அட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாவிடம் சொன்னேன். "வாயத் தெறந்தீகளாமே" என்றாள். அவ்வளவுதான். அன்றைய குழம்பில் உப்பு கூடிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். ரிஜிஸ்டர் வைத்திருந்த போலீஸ்காரர், "அப் க்யோ ஆயே? ஜாவோ, ஜாவோ" என்று சிரித்து அனுப்பினார். இப்போது ஏன் வந்தாய், போ, போ. திரும்பி நடந்து வரும்போது கை என்னவோ மாதிரி இருந்தது. அந்த மாதங்களில் நான் எழுதியது அந்த ஒரு கையெழுத்து மட்டும்தான்.

இசக்கி கொடுத்த அந்த நாலு வெற்றுத் தாள்களையும் ரெண்டு நல்ல அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கொட்டகைப் பரணில் போட்டிருந்தேன். எத்தனையோ மழை போய்விட்டது. நேற்று எடுத்துப் பார்த்தேன். ஓரம் மட்டும் பழுப்பாகியிருக்கிறது, ஈரம் ஏறவில்லை. அதில்தான் இதை எழுதினேன். நாலும் போதாமல், டீக்கடை நோட்டிலிருந்து மேலும் தாள் கிழிக்க வேண்டியதாயிற்று.

பாப்பா, நீ ஒரு பக்கம் கேட்டாய். கூடிவிட்டது. பிழை இருக்கும். நீதான் சொன்னாயே.

அட்டை என்னுதுதான்.

மாரிச்சாமி
போர்ட் பிளேர்
ஆவணி பதினாறு, திங்கட்கிழமை